மிர்பாத் கடலில் பாண்டியோடு

ஓமான் நாட்டுக்கு மீன் பிடிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, கம்பத்தில் என் உரக்கடைக்கு வந்திருந்த திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் மருந்து டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“வைகை அணையில இல்லாத மீனா அங்கன இருக்கு?”

“கடல் மீனுண்ணே. ஒவ்வொண்ணும் ஒரு ஆட்டுக்கிடா எடை இருக்குமாம்.”

“அம்புட்டையும் எப்படிக் கொண்டாருவீக?”

“கொண்டாரக் கூடாது. பிடிச்சுப் பாத்துட்டுத் திருப்பிக் கடல்லயே விட்டுருவாக.”

“விடுறதுக்கு எதுக்குப் பிடிக்கணும்?” என்றார். மருந்துக்குப் பில் போட்டுக் கொடுத்து அவரை அனுப்பிவைத்தேன்.

உண்மையைச் சொன்னால் நான் மீனுக்காகப் போகவில்லை. பாண்டியிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. போனில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், நேரிலேயே கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

பாண்டி கோம்பைக்காரன். பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்குச் சிநேகிதன். ஏசி மெக்கானிக்காக வளைகுடாவுக்குப் போனவனுக்கு அங்கேயே தலை நரைத்துவிட்டது. இப்போது ஓமானின் தெற்கு ஓரத்தில் மிர்பாத் என்கிற கடற்கரை ஊரில், மீனை உறைய வைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் கம்ப்ரசர்களைப் பார்த்துக்கொள்கிறான். மனைவி சென்னையில் மகள் வீட்டோடு இருக்கிறார். ஒரு லீவில் வந்திருந்தபோது சுருளிப்பட்டியில் என் வீட்டுக்குப் பக்கத்து மனையை வாங்கிப் போட்டான். சுற்றிலும் சுவர் எழுப்பினான், இரும்புக் கேட்டு மாட்டினான், தென்னங்கன்றுகள் வைத்தான். வீடு மட்டும் கட்டவில்லை.

அந்தத் தென்னைகளுக்கு நான்தான் தண்ணீர் விடுகிறேன். என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்து அந்தக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பது பழக்கமாகிவிட்டது. மகன் ஓசூரில் இருக்கிறான். வீட்டில் பேச ஆள் இல்லை. பாண்டி வந்து பக்கத்தில் ஒரு வீட்டைக் கட்டிவிட்டால் மிச்சக் காலம் எப்படியும் ஓடிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இந்த வருஷத்தோடு அவனுடைய கம்பெனி ஒப்பந்தம் முடிகிறது. ஊருக்கு வருகிறானா, இல்லையா? இதுதான் என் கேள்வி. நான் கேட்கும்போதெல்லாம் அவன் மீன் கதைக்குப் போய்விடுவான். கடைசியில், “நீ ஒரு வாரம் இங்கன வா, கடலுக்குப் போவோம், எல்லாம் பேசுவோம்” என்றான்.

பாலைவனத்தை எதிர்பார்த்துப் போனவனுக்கு, விமானம் இறங்கிய சலாலா நகரம் பெரிய ஏமாற்றம். விமான நிலையத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதுமே சாலையோரம் தென்னை, வாழை, பப்பாளி. கூரைக் கடைகளில் இளநீரைக் குவித்து வைத்து, வாழைத்தாரைக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறார்கள். கூடலூர் ரோட்டில் போவது போலவே இருந்தது.

“இதப் பாக்கவா என்னைய பாஸ்போர்ட் எடுக்க வச்ச?” என்று கேட்டேன்.

கூட்டிப்போக வந்திருந்த பாண்டி பிக்கப் வண்டியை ஓரங்கட்டி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி என் மடியில் போட்டான். பழம் சின்னது, ருசி மோசமில்லை. நம்மூர் நாழிப்பூவனுக்கு ஈடாகாது என்று சொல்லி வைத்தேன். அவன் நாழிப்பூவன் சாப்பிட்டு எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று தோன்றியது. ஆள் ரொம்ப மெலிந்திருந்தான். போனில் முகத்தை மட்டும் பார்த்துப் பழகியதில் எனக்கு அது தெரியாமலே போயிருந்தது.

மிர்பாத் சின்ன ஊர். பழைய மண்வீடுகள் சிதைந்து நிற்க, பக்கத்திலேயே புது வீடுகள், மீன்பிடித் துறைமுகம், ஒரே கடைவீதி. பாண்டிக்குக் கம்பெனி கொடுத்த வீடு ஒரு மாடியில் இருக்கிறது. பெட்டியைப் போட்டுவிட்டு நேராகச் சாப்பிடப் போனோம். மூன்று வேளையும் அவனுக்கு ஒரு மலையாளி ஓட்டல்தான். கம்பத்துக்காரனுக்குக் கொஞ்சமாவது மலையாளம் தெரியாமல் இருக்காது, மலையேறினால் குமுளி. அதனால் எனக்குக் கஷ்டமில்லை. ஓட்டல்காரர் கட்டப்பனைக்காரர். நான் கம்பம் என்றதும் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

“எங்கள் ஏலத்தோட்டத்துக்குக் கம்பத்திலிருந்துதான் ஜீப் ஜீப்பாக ஆட்கள் வருவார்கள்” என்று மலையாளத்தில் சொன்னார். பிறகு அதே வேகத்தில், “எப்போது வந்தீர்கள்? எப்போது திரும்பிப் போகிறீர்கள்?” என்று கேட்டார்.

பாண்டி சிரித்தான். “கேட்டயா? இதேதான். நான் லீவுல வந்து கோம்பையில பஸ்ஸவிட்டு எறங்குனா, பையக் கீழ வைக்கிறதுக்குள்ள கேப்பாக. எப்ப வந்தீக, எப்பப் போறீக. ரெண்டையும் ஒரே மூச்சுல.”

“அது சும்மா வாய்க்குக் கேக்குறதுடா.”

“ஆமா, சும்மாதான்” என்று சொல்லிவிட்டுப் பரோட்டாவைப் பிய்த்தான்.

எனக்காகப் பாண்டி கம்பெனியில் லீவு போட்டிருந்தான். மறுநாள் விடிந்ததும் கடலுக்குப் போனோம். ஃபைபர் படகு சயீத் என்பவருடையது. எங்கள் வயதுதான் இருக்கும். தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, எஞ்சினைக் காலாலேயே திருப்பி ஓட்டுகிறார். பாண்டியும் அவரும் அரபியில் பேசிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடத்துக்கு அழுதவன் இவன்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அலை பெரிதாகி எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிட்டது. படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முதல்நாள் தின்ற பரோட்டாவையெல்லாம் அரபிக் கடலுக்குக் கொடுத்தேன். சயீத் ஏதோ சொன்னார்.

“மலைக்காரனக் கடலுக்குக் கூட்டியாந்தா மீனுக்குத்தான் விருந்துன்றார்” என்று பாண்டி மொழிபெயர்த்தான்.

இந்த மீன்பிடிப்பு நாம் அறிந்த மீன்பிடிப்பே இல்லை. உத்தமபாளையம் பக்கம் ஆற்றில் தூண்டில் போட்டால் மாவு உருண்டையைக் கோத்துத் தண்ணீரில் விட்டுவிட்டு, கரையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம். எனக்குத் தெரிந்த தூண்டில் வேலையில் பாதி அந்தப் பேச்சுதான். இங்கே வாழைக்காய் அளவுக்கு வர்ணம் பூசிய மரக்கட்டையை நீளக் கம்பில் கட்டி, நின்றுகொண்டே வீசி, ஓடுகிற மீன்போலத் தெரியும்படி வெடுக் வெடுக்கென்று இழுக்க வேண்டும். இழுத்து முடித்ததும் மறுபடி வீச வேண்டும். நாள் முழுக்க இதே வேலை. தோள்பட்டை கழன்றுவிட்டது. காற்றும் எஞ்சின் சத்தமும் சேர்ந்து ஒரு வார்த்தை காதில் விழாது. பாண்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றான். அன்றைக்கு அவனோடு பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

வீசுவதற்கு முன்னால் அவன் ஒரு காரியம் செய்தான். தூண்டில் முள்ளின் நுனியில், மாட்டிய மீன் கழன்றுவிடாமல் இருக்கப் பின்பக்கமாகச் சின்னதாக ஒரு கொம்பு இருக்குமே, அதை இடுக்கியால் நசுக்கி மட்டமாக்கினான்.

“ஏன்டா, மீன் கழண்டு போயிராதா?”

“போனாப் போகட்டும். விடும்போது அதுக்கு வாய் கிழியக் கூடாதுல்ல.”

“பிடிக்காம இருந்தா இன்னும் நல்லாருக்குமே அதுக்கு.”

இடுக்கியைப் பைக்குள் போட்டபடி என்னைப் பார்த்தான். “வாரம் பூரா கம்பெனியில செத்த மீனத்தான் பாக்குறேன் சுருளி. டன் டன்னா வந்து எறங்கும், அம்புட்டும் கண்ணத் தொறந்துக்கிட்டு. வெள்ளிக்கிழம ஒரு நாளாவது உசுரோட ஒண்ணத் தொட்டுப் பாக்கணும்போல இருக்கும். அவ்வளவுதான்.” நான் கட்டையை வீசினேன். அன்றைக்கு எதுவும் மாட்டவில்லை.

அடுத்த நாள் காற்று அதிகம், படகு போகாது என்றார்கள். கரையோரமாகக் கிழக்கே கூட்டிப்போனான். ஒரு பக்கம் மொட்டை மலை, மறுபக்கம் கடல். நடுரோட்டில் ஒட்டகங்கள் கூட்டமாக நின்றன. ஹாரன் அடித்தும் அசையவில்லை. நம்மூர் எருமைகளாவது திரும்பிப் பார்க்கும். ஒட்டகம் அந்த மரியாதையும் கொடுக்காது. அவற்றைச் சுற்றிப் போவதற்காகப் பாண்டி சாலையை விட்டு இறக்கினான். வண்டி மணலில் அச்சுவரை இறங்கிவிட்டது. டயருக்கு முன்னால் முட்டி போட்டு இருவரும் கையால் மணலைத் தோண்டினோம். தோண்டத் தோண்ட இன்னும் கொஞ்சம் இறங்கியது.

அந்த வழியாகக் குடும்பத்தோடு வந்த ஒரு ஓமான் பெரியவர் கயிறு கட்டி இழுத்துக் கரையேற்றினார். அதோடு விடவில்லை. சாலையோரமே பாய் விரித்து, பிளாஸ்கிலிருந்து ஏலக்காய் போட்ட காப்பியைச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றிக் கொடுத்து, பேரீச்சம்பழத் தட்டை நகர்த்தினார். பாலும் இல்லாமல் சர்க்கரையும் இல்லாமல் அந்தக் காப்பி கஷாயம்போல இருந்தது. ஆனால் ஏலக்காய் வாசத்தில் ஒரு கணம் கம்பம்மெட்டுச் சந்தையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. பெரியவர் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். பாண்டி நீளமாகப் பதில் சொன்னான். பெரியவர் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, தலையை ஆட்டி, ஒரு வரி சொன்னார்.

“என்ன கேட்டாரு?”

“உன் அண்ணனா, எதுக்கு வந்திருக்காருன்னு கேட்டாரு. ஆமா, என்னைய ஊருக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்காருன்னேன்.”

வந்ததிலிருந்து நான் இன்னும் ஒரு வார்த்தைகூட அதைப் பற்றிப் பேசவில்லை. “அதுக்கு அவரு என்ன சொன்னாரு?”

“இன்னொரு பேரீச்சம்பழம் எடுத்துக்கன்னாரு.”

திரும்பும் வழியெல்லாம் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தேன். அவன் அந்த மலையில் சாம்பிராணி மரம் இருக்கிறது, இந்த வளைவில் மழைக்காலத்தில் மேகம் தரையோடு வரும் என்று விடாமல் காட்டிக்கொண்டே வந்தான். பேச்சை நிறுத்தினால் நான் கேட்டுவிடுவேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் கடல் அடங்கியிருந்தது. ஒரு பாறைத் திட்டுக்கு அருகே பாண்டி கட்டையை வீசி இரண்டு இழுப்புத்தான் இழுத்திருப்பான், தண்ணீர் வெடித்தது. கம்பு வில்லாக வளைந்தது. இடுப்பில் கட்டிய பட்டையில் கம்பின் அடியை ஊன்றிக்கொண்டு, பின்னால் சாய்ந்து, அவன் இழுக்க மீன் இழுக்க, மெலிந்த அந்த உடம்பில் எங்கிருந்து அவ்வளவு பலம் வந்தது என்று தெரியவில்லை. முகம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கோம்பைப் பள்ளிக்கூடத்துக் கபடியில் நான் பார்த்த பாண்டியாக நின்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

படகோரம் வந்தது ஒரு பெரிய பாறை மீன். மலையாளிகள் வற்றை என்கிறார்கள். வெள்ளி உடம்பில் கறுப்பு ஓடியிருந்தது. ஏறிய நெற்றி, தள்ளிய கீழ்த்தாடை, யாருக்கோ பதில் சொல்லத் தயாராக இருக்கிற முகம். பாண்டி அதை ஈரக் கையால் மடியில் வாங்கினான். முள்ளைக் கழற்றி, மறுபடி தண்ணீருக்குள் இறக்கி, வால் மூட்டைப் பிடித்துக்கொண்டு முகத்தை நீரோட்டத்தின் பக்கம் திருப்பி வைத்திருந்தான். மீன் இரண்டு முறை வாயைத் திறந்து மூடியது. வாலை ஒரு உதறு உதறியது. போய்விட்டது. பாண்டி முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைக்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என் மனம் ஒப்பவில்லை. நம்மூரில் ஒரு விரால் பிடித்தாலே அதன் செவுளில் நாரைக் கோத்துக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, போக வேண்டாத தெருவழியாகவும் சுற்றித்தான் வீட்டுக்குப் போவோம். எங்கன பிடிச்சீக என்று நாலு பேர் கேட்க வேண்டும். கேட்காதவன் வீட்டு முன்னால் கொஞ்சம் நின்றுகூடப் போவோம். இவ்வளவு பெரிய மீனைப் பிடித்துவிட்டு, நானும் சயீத்தும் மட்டும் சாட்சியாக இருக்க, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறானே என்று இருந்தது.

அதற்கடுத்த நாள் எனக்கே மாட்டியது. இழுத்த இழுப்பில் படகை விட்டு வெளியே போகப் பார்த்தேன். சயீத் என் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டார். பாண்டி, “கம்பத் தூக்கு, சுத்து, விடாத, சுத்து” என்று காதருகே சொல்லிக்கொண்டே இருந்தான். கை மரத்து, முதுகு கடுத்து, போதுமடா சாமி என்று ஆன நேரத்தில் மீன் மேலே வந்தது. நேற்று அவன் பிடித்ததைவிடப் பெரியது. பாண்டி முள்ளைக் கழற்றி, மீனை என் மடியில் வைத்துவிட்டு, “இரு, போட்டோ எடுத்துருவோம், ஊர்ல காட்டலாம்” என்று போனை எடுக்கத் திரும்பினான்.

ஊரில் காட்டலாம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பாரம் தாங்காமல் மீன் மடியிலிருந்து நழுவப் பார்த்தது. சின்ன வயதிலிருந்து எப்படித் தூக்கிப் பழக்கமோ அப்படியே தூக்கினேன். செவுளுக்குள் நான்கு விரலையும் விட்டு, இறுக்கிப் பிடித்து, முகத்துக்கு நேரே உயர்த்தினேன். விரலுக்குள் ஏதோ பிய்ந்தது. முழங்கை வழியாக ரத்தம் வழிந்தது.

பாண்டி போனைக் கீழே போட்டான். “விடு. கையை எடு. தண்ணிக்குள்ள வையி” என்றான். குரலை உயர்த்தவில்லை. மீனை வாங்கி, படகோரம் குப்புறப் படுத்து, தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு அதைப் பிடித்துக்கொண்டான். சயீத் எஞ்சினை மெதுவாக ஓட்டினார், மீனின் வாய்வழியாகத் தண்ணீர் போய் வரட்டும் என்று. படகுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு கோடு வந்துகொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் அப்படிப் போனோம் என்று சொல்ல முடியாது. வெயில் ஏறிவிட்டது. அவன் மீனோடு பேசிக்கொண்டிருந்தான். “போ. போயிரு. ஒரு தடவ வால ஆட்டு. ஒரே ஒரு தடவ.” தமிழில்தான் பேசினான். கையை விட்டுப் பார்ப்பான், மீன் பக்கவாட்டில் சாயும், மறுபடி பிடித்துக்கொள்வான். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைக் கடல்நீரில் கழுவிக்கொண்டே இருந்தேன். கடைசியில் சயீத் எஞ்சினை நிறுத்திவிட்டு, பாண்டியின் முதுகில் தட்டி மெல்ல ஏதோ சொன்னார். இது இனி சாப்பாடு, வீணாக்காதே என்று சொன்னாராம்.

பாண்டி எழுந்து உட்கார்ந்தான். சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

“வேணும்னு பண்ணலடா” என்றேன்.

“தெரியும். நான்தான் சொல்லியிருக்கணும்.” கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்தான். “நம்மூர்ல செவுளப் பிடிச்சுத்தான் தூக்குவோம்ங்கறதே எனக்கு மறந்துபோச்சு சுருளி. நெனப்புல இருந்திருந்தா மொத நாளே சொல்லியிருப்பேன்.”

அவன் வருத்தப்பட்டுச் சொன்ன சமாதானம்தான். எனக்குத்தான் அது வேறு மாதிரி கேட்டது. கேட்க வந்த கேள்விக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் மனது கேட்குமா? வாயால் சொல்லட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

துறைமுகத்தில் பெரும்பகுதியைச் சயீத்துக்கும் ஓட்டல்காரருக்கும் வெட்டிக் கொடுத்துவிட்டு எங்களுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டோம். நான் சமைக்கிறேன் என்றேன். செய்ததற்கு ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்தது. மலையாளிக் கடையில் சின்ன வெங்காயம், புளி, மல்லித்தூள், மிளகாய்த்தூள், தேங்காய் எல்லாம் கிடைத்தன. நல்லெண்ணெய்கூட இருந்தது. அதுவரை வெளியிலேயே சாப்பிட்டதால் அவனுடைய சமையலறைக்குள் நான் போயிருக்கவே இல்லை. அடுப்பு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஒரு குக்கர், ஒரு சட்டி, ஒரு கரண்டி. அலமாரியில் ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு தம்ளர். வேறு எங்கேயாவது எடுத்து வைத்திருப்பான் என்று மேலே கீழே எல்லாம் திறந்து பார்த்தேன். இல்லை. இத்தனை வருஷத்தில் இந்த வீட்டுக்கு வந்து சாப்பிட்ட ஆள் ஒருவர்கூட இல்லை.

வெங்காயத்தை வதக்கி, தேங்காய் அரைக்க மிக்ஸி இல்லாமல் பாலாகப் பிழிந்து ஊற்றி, புளிக்குழம்பை இறக்கியபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. தட்டை அவனிடம் கொடுத்துவிட்டுக் குக்கர் மூடியைக் கவிழ்த்து அதில் நான் போட்டுக்கொண்டேன். தரையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். மீன் சதை முரடு, நம்மூர் விரால் மாதிரி இல்லை. குழம்பு மட்டும் சரியாக வந்திருந்தது. பாண்டி ஒரு வாய் வைத்ததும் அப்படியே நிறுத்திவிட்டான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வேகமாகச் சாப்பிட்டான். இரண்டாவது முறை சோறு போட்டபோது கேட்டேன்.

“ஊருக்கு வாரியா, இல்லையாடா?”

“வரல.”

அவ்வளவுதான். பாண்டி குழம்பை ஊற்றிக்கொண்டான்.

“கம்பெனியில நீட்டிக் குடுத்துட்டாக. கையெழுத்துப் போட்டுட்டேன். நீ வாரதுக்கு முந்தியே போட்டுட்டேன்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பெறகு எதுக்குடா என்னைய வரச் சொன்ன? வாந்தி எடுக்கவா?”

“போன்ல சொன்னா நீ தாங்க மாட்டன்னு நெனச்சேன். நேர்ல பாத்தா வாய் வரல.”

“வீட்ல என்ன சொல்றாக?”

“அவுகளுக்கும் நிம்மதிதான். சண்டையெல்லாம் இல்லடா. லீவுல போனா நல்லாப் பாத்துக்கிறாக. புதுப் பெட்சீட்டு விரிக்கிறாக, எனக்குன்னு தனியாக் கறி எடுக்கிறாக. ரெண்டு வாரம் தாண்டுனா எனக்கு எங்க உக்காருறதுன்னு தெரியாது. கோம்பைக்குப் போனா அண்ணன் வீட்லயும் அப்படித்தான். எல்லாருக்கும் நான் வந்துட்டுப் போறவன். வந்தே இருந்தா என்னைய என்ன பண்றதுன்னு யாருக்கும் தெரியாது.” சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். “இங்கனயும் எனக்கு யாரும் இல்ல சுருளி, அங்கனயும் யாரும் இல்ல. ஆனா இங்கன யாரும் இல்லாதது பழகிப்போச்சு.”

“நான் இல்லையாடா அங்கன?”

கேட்டுவிட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது. பாண்டி நிமிரவில்லை.

“நீ இருக்க. நீ ஒருத்தன் இருக்கன்னுதான் அந்த மனைய இன்னும் விக்காம வச்சிருக்கேன்.”

மனை இருந்து எனக்கு என்ன ஆகப்போகிறது, அந்தத் தென்னைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நானும் சாகவா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவன் கை பிசைவதை நிறுத்தியிருந்தது. சின்னப் பையனாக இருக்கும்போது அவன் அழப்போனால் இப்படித்தான் கை அசையாமல் நின்றுவிடும். குக்கர் மூடியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்க் கழுவினேன். கழுவி முடித்தும் குழாயை மூடாமல் நின்றுகொண்டிருந்தேன். இத்தனை நாள் காலியான மனையில் உட்கார்ந்து நான் எதற்குக் காத்திருந்தேனோ அது இனி வராது. கேட்டதற்குப் பதில் கிடைத்தால் மனது லேசாகும் என்பார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை.

நான் கிளம்ப வேண்டிய நாள் காலையில், கம்ப்ரசர் ஒன்று நின்றுவிட்டதென்று கம்பெனியிலிருந்து அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள். “மத்தியானத்துக்குள்ள வந்துருவேன், நீ தூங்கு” என்று போய்விட்டான். அந்த வீட்டில் தனியாக இருந்து பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு மதில், மதிலுக்கு அப்பால் கடல். அரை நாள் எனக்குத் தாங்கவில்லை. இதில் அவன் எத்தனை வருஷம் இருந்திருக்கிறான். அவன்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

கடைவீதிக்கு நடந்தேன். பங்களாதேஷ்காரர் ஒருவரின் பாத்திரக்கடையில் எவர்சில்வர் தட்டு ஒன்று எடுத்தேன். நம்மூரில் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே மெஷின் வைத்துப் பேர் வெட்டிக் கொடுப்பார்கள். அவரிடம் சைகையில் கேட்டுப் பார்த்தேன், தட்டில் ஓட்டை போடச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பயந்துபோனார். வீட்டுக்குக் கொண்டுவந்து, பாண்டியின் பையிலிருந்து ஒரு பழைய முள்ளை எடுத்து, தட்டின் விளிம்பில் நானே கீறினேன். கோணல் மாணலாகத்தான் வந்தது. ‘சுருளிவேல்’ என்று படிக்க முடிந்தது, அது போதும். கொண்டுபோய் அலமாரியில் வைத்தேன்.

பாண்டி வந்து கைகால் கழுவத் சமையலறைக் குழாய்ப் பக்கம் போனவன் அலமாரி முன்னால் நின்றுவிட்டான்.

“யாருக்குடா இது?”

“எனக்குத்தான். வாரப்பெல்லாம் குக்கர் மூடியில திங்க முடியாதுல்ல.”

அவன் தட்டை எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினான். கீறலின்மேல் கட்டைவிரலை வைத்து எழுத்தெழுத்தாக நகர்த்தினான். புதுத் தட்டில் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, தன் சட்டையிலேயே துடைத்து, அவனுடைய தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தான்.